சின்னத்தங்கத்தின் இரண்டு முழம்

2005 மார்ச் 6 — 214
மார்ச் 13 — 231
மார்ச் 20 — 388
மார்ச் 27 — 402
ஏப்ரல் 3 — 377
ஏப்ரல் 10 — 245
ஏப்ரல் 17 — 160
ஏப்ரல் 24 — 92
மே 1 — எண்ணவில்லை

இவை உதிர்ந்த முடிகளின் தொகை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில், ஒரே சீப்பால் அறுபது தடவை வாரியபோது சின்னத்தங்கம் என்ற பெண்ணின் தலையிலிருந்து விழுந்தவை. வாரியது அவளுடைய தங்கை வள்ளிப்பிள்ளை. வெள்ளைத் துணியில் பரப்பி, பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணியவன் நான்.

நான் முப்பத்தாறு வருடம் மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் எழுதியவன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. நட்டிருக்கும் கம்பத்தில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துக் கொப்பியில் பதிவதுதான் தொழில். மாரியில் வாவி நிரம்பி வட்டை வயல்களுக்குள் ஏறும்போது, முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா என்று அதிகாரிகள் என் கொப்பியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஆறு மணிக்குக் கண் விழித்து, எழுத ஒன்றுமில்லாமல் ஆரையம்பதியில் இருந்தேன். அந்த நேரத்தில்தான் சின்னத்தங்கம் வந்தாள்.

அவள் வடக்கே கதிரவெளியைச் சேர்ந்தவள். புருசன் கடற்றொழில், அவள் கருவாடு போடுவாள். நிலோஜன் என்று ஒரே மகன். 2004 ஓகஸ்ட் 19ஆம் திகதி, பதினேழு வயதில், சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சந்திக்குப் போனவனை இயக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிளை மட்டும் யாரோ உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அம்மன் கோயிலுக்குப் போய்க் கொண்டையை அவிழ்த்தாள். முடியை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இரண்டு தடவை பிடித்து அளந்து காட்டினாள்.

“ரெண்டு முழம் இரிக்கு தாயே. பொடியன் வந்து வாசலில கால் வைக்கிற அண்டைக்கு முழுசும் உனக்கு. ஒரு விரல் குறைஞ்சாலும் அவனைக் கேளாத, என்னைக் கேள்.”

இதை அவளே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது, தான் காட்டிய அளவை அம்மனும் எங்கோ ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டதுபோலத்தான் சொன்னாள். மற்றவர்களுக்கு அது முடி. அவளுக்கு, மகன் நடந்து வரவேண்டிய பாதை.

டிசெம்பர் 26 காலை கடல் எழும்பியபோது அவளைப் பிடித்து வைத்ததும் அந்த முடிதான். தண்ணீர் திரும்பிப் போகையில் அது தாழம் புதரில் சிக்கிக்கொண்டது. புருசன் போய்விட்டான். ஒரு மணித்தியாலம் போல அதில் தொங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடந்தாளாம். எந்தச் சத்தமும் கேட்கவில்லையாம். முகில்கள் மட்டும் மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தனவாம். அது எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லவே தனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாள்.

தங்கையைத் தேடி ஆரையம்பதிக்கு வந்தாள். தங்கையின் வீடும் அலையோடு போயிருந்தது. பள்ளிக்கூட வளவில் நீல நிறக் கூடாரமொன்றில் இருவரும் இருந்தார்கள். வாவிக்கரையில் இறால் வாங்குகிறவர்களுக்கு இறால் உரித்துக் கொடுத்துச் சீவித்தார்கள்.

பெப்ரவரி கடைசியில் முடி உதிரத் தொடங்கியது. அவளுக்கு மட்டுமல்ல, முகாமில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்கு. விடியும்போது கூடாரக் கயிறுகளில் முடி படிந்திருக்கும். பனித்துளிகள் அதில் வரிசையாகத் தொங்கும். வெயில் ஏறி வாவிப் பக்கமிருந்து காற்று வீசினால் அவை கழன்று வளவெங்கும் அலையும். மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒருவருக்கும் சொந்தமில்லாதவை. சோற்றில் கிடக்கும், பிள்ளைகளின் கால்விரல்களில் சுற்றியிருக்கும். ஒருவரும் யாரையும் ஏசவில்லை.

டொக்டர் உதயரூபன் அப்போது அந்த முகாமில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு வெளிநாட்டுக்குப் போய், அங்கே தோல் வைத்தியம் படித்தவர். முப்பத்தைந்து வயது. நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரர். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி இப்படிக் கொட்டும் என்று அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அவரிடம் ஒரு மருந்து இருந்தது. வெளிநாட்டில் வழுக்கைக்குப் பூசுகிற மருந்தைப் போல மூன்று மடங்கு வீரியம். அதோடு இன்னொன்றும் கலந்தது. இன்னும் கடைக்கு வராதது. பதினாறு பேருக்குக் கொடுத்துப் பார்க்க விரும்பினார்.

“வினாயகமூர்த்தி அங்கிள், எனக்குப் பிழையில்லாமல் எண்ணுகிற ஒருவர் வேண்டும்” என்று என் வீட்டுக்கே வந்து கேட்டார்.

யாரிடம் அனுமதி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மருந்தோடு ஒரு தாள் வந்திருந்தது. அதை நான் தமிழில் எழுதி, மார்ச் 12ஆம் திகதி சனிக்கிழமை எல்லோருக்கும் வாசித்தேன். தலை கடித்து அரிக்கலாம். முதல் மாதம் முடி இன்னும் கூடுதலாக உதிரலாம். முகத்தில் முடி முளைக்கலாம். நெஞ்சு படபடக்கலாம். தலை சுற்றலாம். நித்திரை குழம்பலாம். கால் வீங்கலாம்.

நான் வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். பிறகு சின்னத்தங்கம் கேட்டாள்.

“அண்ணன், நெஞ்சுப் படபடப்பு எனக்கு டிசெம்பர் இருபத்தாறில இருந்து இரிக்கு. அது மருந்துட கணக்கா, கடல்ட கணக்கா?”

பெண்கள் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். ஆனால் கேள்வி நியாயமானது. அடுத்த நாளிலிருந்து பக்க விளைவுகளைப் பதிய உட்கார்ந்தபோதுதான் எனக்கு அதன் கனம் விளங்கியது. பதினாறு பேரில் பதினான்கு பேருக்கு மருந்து தொடும் முன்னரே நெஞ்சு படபடத்தது. பன்னிரண்டு பேருக்குத் தலை சுற்றியது. ஒருவருக்கும் நித்திரையில்லை. கடல் ஏற்கனவே அநேகமாக எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டிருந்தது.

அந்தப் பதினாறு பேரில் பாறூக்கும் ஒருவர். காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருப்பவர். முகாமுக்குச் சாரமும் சேலையும் கொண்டுவந்து கொடுத்தவர், மருந்து கொடுப்பதைக் கண்டு தானும் வரிசையில் நின்றுவிட்டார். அவருக்கு அதிர்ச்சியில் கொட்டியதல்ல, பரம்பரை வழுக்கை. இரண்டாம் கிழமை போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

“ஐயா, இந்தத் தலையில நாப்பத்திமூணு முடி இரிந்த. ஒவ்வொண்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவன். உங்கட மருந்து பத்து நாளில பதினொண்டைக் கொண்டு போயிட்டு. மிச்சம் இரிக்கிறவனுகளாவது என்னோட மௌத்தாகி மண்ணுக்குள்ள வரட்டும்.”

“முதல் மாதம் கொட்டும் எண்டு தாளில வாசிச்சனே பாறூக்.”

“வாசிச்சீங்க. கொட்டுறதுக்கு இரிக்கிறவங்களுக்கு அது சரி.”

அவரோடு இன்னும் நான்கு பெண்கள் விலகினார்கள். முடி முன்னையைவிட அதிகமாக விழுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நான்கு பேரின் முடியையும் நான் தொடர்ந்து எண்ணினேன். திறந்த பக்கத்தைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. அவர்களுக்கும் சீப்பு வாரிவிட ஓர் ஆள் கிடைத்ததில் சந்தோசம்.

மருந்து தரும் முறை இது: போத்தலோடு வரும் குழாயால் காலையில் ஒரு மில்லிலீற்றர், பின்னேரம் ஒரு மில்லிலீற்றர். கிழமைக்குப் பதினான்கு. ஒவ்வொரு ஞாயிறும் போத்தல்களை வரிசையாக வைத்து, மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டுப் பார்ப்பேன். ஒருவருக்குப் பதினொன்று குறைந்திருக்கும், இன்னொருவருக்குப் பதினாறு. கை தவறும், மறதி வரும், பிள்ளை தட்டி ஊற்றும். சின்னத்தங்கத்தின் போத்தல் மட்டும் ஒவ்வொரு கிழமையும் சரியாகப் பதினான்கு குறைந்திருந்தது. ஆறு கிழமையும் அப்படியே. நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். முப்பத்தாறு வருடத்தில் வாவி ஒருநாளும் அப்படி ஒழுங்காக இறங்கியதில்லை என்பது எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் நடுப்பகுதியில் அவளுடைய நெற்றி ஓரத்திலும் கன்னத்திலும் பூனை முடி அரும்பியது. இறால் உரிக்கிற பெண்கள் விடுவார்களா?

“அக்கா, மீசை வருதுகா. இனி உங்களை அண்ணன் எண்டு கூப்பிடவா?”

“கூப்பிடுகா. ஆம்பிளைக் கூலி தருவாங்களெண்டால் தாடியும் வளக்கிறன்.”

ஏப்ரல் 17ஆம் திகதி, முடியை எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் எனக்கு ஒன்று சொன்னாள். அவள் வாவியைப் பார்த்தபடி இருந்தாள். காலை மூட்டம் இன்னும் கலையவில்லை. தண்ணீருக்கும் வானத்துக்கும் இடையில் கோடு தெரியவில்லை.

“அண்ணன், நான் எழும்பி நிண்டா தண்ணி வருது.”

“எங்க?”

“கண்ணுக்குள்ள. கரையில இரிந்து மெல்லமா ஏறி வருது. அண்டைக்கு வந்த மாதிரிக் கறுத்த தண்ணியில்ல. வாவித் தண்ணி, வெள்ளி மாதிரி. காது ரெண்டும் அடைச்சிடும். கால் நிலத்தில படாது. அப்ப நிலோஜன் தோணியில நிண்டு கம்பு ஊண்டிக்கொண்டு வாறான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட வாறான். நேத்து அவன்ட சேட்டு நிறம் தெரிஞ்சிது.”

“என்ன நிறம்?”

“அது பிடிபட முந்தி நிலத்தில குந்திட்டன். குந்தினா எல்லாம் போயிடும்.”

நான் அந்தத் திகதிக்கு நேரே “தலைச்சுற்று, இலேசானது” என்று எழுதினேன். முடி 160 என்றும் எழுதினேன். இரண்டு பதிவுகளும் அவளுக்குச் சாதகமாகவே தெரிந்தன: உதிர்வது குறைகிறது, மகன் நெருங்குகிறான். மருந்தும் அம்மனும் ஒரே பக்கம் நிற்பதாக அவள் நம்பினாள். அந்த மயக்கத்தை விட அவளுக்கு மனமில்லை. காலையில் கூடாரத்திலிருந்து எழும்பி வெளியே வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, சிரித்தபடி நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் கும்பிடுவதுபோல இருக்கும்.

மே 1ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். நான் துணியை விரித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் இறால் கூடைகளைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்று வாவிக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். கூடையை உதறி நிமிர்ந்தாள். அந்தப் பழைய சிரிப்பு முகத்தில் வந்தது. பிறகு, ஒருவர் தன் சொந்தப் பாயில் உட்காருவதைப்போல, அவசரமில்லாமல் தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். தலை உள்ளே போனது. முடி மட்டும் மேலே விரிந்து மிதந்தது.

வள்ளிப்பிள்ளைதான் பாய்ந்து தூக்கினாள். அன்று சாமான் கொண்டுவந்திருந்த பாறூக்கின் வான் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்த அழுத்தம் எழுபதுக்கு நாற்பது. நாடி நூற்று முப்பத்தாறு. வானில் வைத்துத்தான் அவளுடைய பாதங்களைப் பார்த்தேன். சேலைக் கரை மறைத்திருந்த இடத்தில் இரண்டும் ஊதியிருந்தன. விரலால் அமத்தினால் குழி விழுந்தது. குழி திரும்ப நிரம்ப நேரம் எடுத்தது. முகாமில் ஒருவருக்கும் கடல் கொடுக்காத நோய் அது ஒன்றுதான். நான் ஆறு கிழமை அவளுடைய தலையை மட்டுமே பார்த்திருந்தேன்.

“என்ன மருந்து பாவிக்கிறீங்க?” என்று அங்கிருந்த வைத்தியர் கேட்டார்.

“ஒண்டுமில்ல. தலைக்குப் பூசுற எண்ணெய்தான்.”

“எவ்வளவு?”

“நாளைக்கு ரெண்டு மில்லிலீற்றர்” என்று நான் கொப்பியைத் திறந்து காட்டினேன். “அளந்து பாத்திருக்கிறன்.”

வள்ளிப்பிள்ளை வெளியே போனாள். பாறூக்கின் வானில் முகாமுக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து ஐந்து போத்தல்களைக் கட்டிலில் கொட்டினாள். நான்கு காலி. ஐந்தாவதில் பாதி.

“இந்தாங்க டொக்டர், இவட திருவிளையாடல்.”

அவை பாறூக்கும் அந்த நான்கு பெண்களும் விட்டவை. என் மேசைக்கு அடியில், பெட்டிக்குள் வைத்திருந்தேன். பூட்டவில்லை.

எங்கள் பெண்களுக்குத் தலைக்கு வைப்பது என்றால் உள்ளங்கை குழிய ஊற்ற வேண்டும். உச்சியில் அறைந்து தேய்க்க வேண்டும். நெற்றிப்பொட்டு வழியே வழிய வேண்டும். ஒரு மில்லிலீற்றரை அவள் முதல் நாள் பார்த்தபோது, வெளிநாட்டு மருந்தென்றபடியால் டொக்டர் தம்பி மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். குழாயால் அளந்த துளியை எங்களுக்காகப் பூசினாள். பிறகு மற்றப் போத்தலிலிருந்து உள்ளங்கை நிறைய ஊற்றி, அடிவரை தேய்த்து, சூடு போகாமல் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுத்தாள். தன் போத்தலின் மட்டம் பிழைக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். நான் மனம் நோவேன் என்று அவளுக்குத் தெரியும்.

டொக்டர் உதயரூபன் மத்தியானம் ஓடிவந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

“இது தோல் வழியா இரத்தத்துக்குப் போகும் அம்மா. இரத்தக் குழாயை விரிச்சிடும். இன்னும் ரெண்டு கிழமை இப்படிப் பூசியிருந்தா நெஞ்சைச் சுத்தித் தண்ணி கட்டியிருக்கும். ஏன் இப்படிச் செய்தீங்க? உங்கட நெஞ்சு அல்லவா?”

“ஓம் தம்பி, நெஞ்சு என்ட. முடி அம்மன்ட. என்டதைப் போட்டுத்தான் அவடயத் தேடினன்.”

“முடி இல்லாட்டி அம்மன் உங்கட மகனை விடமாட்டாவா?”

“நீங்க சொல்லுங்க. நீங்க ஒரு சாமானைப் பேசி வெச்சிட்டு, அந்தாள் பாதியோட வந்தா முழுசாக் குடுப்பீங்களா?”

அன்றே டொக்டர், இன்னும் பூசிக்கொண்டிருந்த பதினொரு பேருக்கும் மருந்தை நிறுத்தினார். அவர் செய்த சரியான வேலைகளில் அதுவும் ஒன்று.

எட்டு நாளில் அவள் முகாமுக்கு வந்தாள். கால் வற்றியது. கண்ணுக்குள் தண்ணீர் வருவது நின்றது, தோணியும் நின்றது. அவள் அதற்காக அழுததாக வள்ளிப்பிள்ளை சொன்னாள். மே 17ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை பின்னேரம், அவள் என் வீட்டுக்கு வந்து மேசைக்கு எதிரே நின்றாள். முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தாள்.

“அண்ணன், பொய் சொல்லாம ஒண்டு சொல்லுங்க. உங்கட கொப்பியில பாத்துச் சொல்லுங்க. அந்த மருந்தாலதான் முடி நிண்டதா?”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் கொப்பியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். மருந்து பூசியவர்கள் பதினொரு பேர். ஏப்ரல் 24ஆம் திகதி சராசரி தொண்ணூற்றாறு. அடுத்த பக்கத்தில் விலகிய நான்கு பெண்கள். நூற்றொன்று, எண்பத்தேழு, தொண்ணூற்றைந்து, நூற்றுப் பத்து. அவர்கள் எட்டு நாளுக்கு மேல் மருந்து தொட்டவர்களில்லை.

“இவங்களுக்கும் நிண்டிருக்கு” என்றேன். “மருந்தில்லாமலே.”

அவள் விரலை எண்களின் மேல் மெல்ல ஓட்டினாள். குருடர் முகத்தைத் தடவுவதுபோல.

“அப்ப, கடல் எடுத்ததைக் கடலே விட்டிட்டா?”

“அப்படித்தான் தெரியுது.”

“நாலு பேர் காணுமா அண்ணன், நம்புறதுக்கு?”

“காணாது. ஆனா என்னட்ட இரிக்கிறது அவ்வளவுதான்.”

வெளியே வாவி மீது வெயில் சாய்ந்து, ஒரு வெண்கொக்கு தன் நிழலின் மேல் அசையாமல் நின்றது. பிறகு முந்தானைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். தன் பேருக்குக் கடைசியாகக் கொடுத்த புதுப் போத்தல். முக்காலுக்கு மேல் மருந்து இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மறுபடி பூசலாமென்று ஒளித்து வைத்திருந்தாளாம். என்னிடம் அதைத் தந்துவிட்டு, தலையைத் தொட்டுப் பார்த்தபடி நடந்து போனாள்.

ஜூன் மாதம் டொக்டர் திரும்பிப் போனார். நான்கு மாதத்தின் பின் ஒரு வரி எழுதினார்: அந்தக் கலவையை அங்கேயும் கைவிட்டுவிட்டார்கள், இதயத்துக்குக் கூடாதாம்.

முடி தன்பாட்டில் வளர்ந்தது. மாதம் ஒரு சென்ரிமீற்றர், சில மாதம் ஒன்றேகால். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அவள் வந்து முதுகைக் காட்டி உட்காருவாள்; நான் அடிமட்டத்தால் அளப்பேன். 2006 கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை மூண்டு கதிரவெளிச் சனமெல்லாம் காட்டால் நடந்தும் கடலால் தோணியிலும் வந்தபோது, அவள் ஒவ்வொரு முகாமாகப் போய் ஒவ்வொரு பொடியனின் முகத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மாதமும் ஒரு சென்ரிமீற்றர். மகன் வன்னிக்குப் போய்விட்டான் என்று ஒருவன் சொன்னான். இன்னொருவன் வேறு விதமாகச் சொன்னான். அவள் முதலாமவனை நம்பினாள்.

2009 மே மாதம் மூன்றாம் கிழமை, போர் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்னது. பட்டணத்துப் பக்கம் வெடி கொளுத்தினார்கள். நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தன. அப்போது அவளுக்கு இரண்டு விதமான முடி இருந்தது. 2005இல் விழாமல் தப்பிய பழைய முடி இரண்டு முழம். எலிவால் போல மெல்லியது. புதிதாக முளைத்தது அடர்த்தியானது; ஒன்றேகால் முழம்.

வைகாசிச் சடங்கின் கடைசி நாளில் அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி நடக்கும். அந்த வருடம் அது ஜூன் 8ஆம் திகதி வந்தது. கோயில் வாசலில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மணக்க நின்றுகொண்டு வள்ளிப்பிள்ளை சொன்னாள்:

“அக்கா, இண்டைக்கே குடுத்திரு. முந்திக் குடுத்தா அம்மனுக்கும் மனம் இளகும்.”

“நான் என்ன சொன்னனான்? வாசலில கால் வெச்ச அண்டைக்கு எண்டுதானே?”

“அதுக்கு அவன் வரவேணுமே அக்கா.”

சின்னத்தங்கம் தங்கையை ஏசவில்லை. குளிர்த்தித் தண்ணீரைக் கையில் வாங்கிப் பாதியைத் தன் தலையிலும் பாதியைத் தங்கையின் தலையிலும் தெளித்தாள்.

“இப்பக் குடுத்தா, அவன் வரமாட்டான் எண்டு நான் எழுதிக் குடுத்த மாதிரி. அதை நான் குடுக்க மாட்டன்.”

ஒக்டோபர் 6ஆம் திகதி நிலோஜனின் முதற் கடிதம் வந்தது. வவுனியாப் பக்கத்துப் புனர்வாழ்வு முகாமொன்றிலிருந்து. உடைத்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தது. ஏழு வரிகள்: உயிரோடு இருக்கிறேன், இடக் காலில் காயம், ஆறிவிட்டது, அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நான் அதை அவளுக்கு ஒன்பது தடவை வாசித்தேன். பத்தாவது தடவை கேட்டபோது கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதவள் அதை விரித்து வைத்துக்கொண்டு, நான் வாசித்த வரிகளை ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

அவளுடைய பதிலை நான்தான் எழுதினேன். நேர்த்திக்கடனைப் பற்றி, மருந்தைப் பற்றி, வாவிக்குள் உட்கார்ந்ததைப் பற்றி எல்லாம் எழுதச் சொன்னாள். “முடி இப்ப நேர்த்திக்குக் காணும் எண்டு எழுதுங்க. எலிவாலை எழுத வேணாம்” என்றாள்.

அடுத்த கடிதத்துக்கு நான்கு மாதம் காத்திருந்தோம். பிற்பகல் நேரம் வந்தது. அவள் முழுகிவிட்டு முடியைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன்.

“அம்மாவுக்கு, நான் சுகம். மார்ச் 15ஆம் திகதி திங்கட்கிழமை எங்களை விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் கொண்டுவந்து மட்டக்களப்பில் இறக்குவார்களாம். அம்மனுக்குச் சொன்னதைக் குடுங்க, ஆனால் நான் பார்த்த பிறகு குடுங்க. உங்கட முகம் சில நேரம் நினைவுக்கு வரமாட்டுது. கண்ணை மூடினால் நீங்கள் முழுகிவிட்டு முடியைத் தட்டுவதும், அந்தத் தண்ணி என் முகத்தில் தெறிப்பதும்தான் வருகுது. ஆறு வருசமும் அதை வைத்துத்தான் படுத்தேன். இன்னொரு விசயம். எனக்கு முன்னந்தலையில் ஒன்றும் மிச்சமில்லை. இங்கே பொடியன்கள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறார்கள். ஐயா எழுதின அந்த மருந்தில் மிச்சம் இருந்தால் எறியாமல் வைக்கச் சொல்லுங்க.”

சின்னத்தங்கத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வள்ளிப்பிள்ளை ஓடிவந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு முட்ட, ஈர முடி முகமெல்லாம் விழ, கண்ணீர் ஓடச் சிரித்தாள். நான் அவளை அறிந்த ஐந்து வருடத்தில் கேட்காத சத்தம் அது.

“எழுதுங்க அண்ணன், இப்பவே எழுதுங்க. சொட்டையோட வா மனே எண்டு எழுதுங்க. மருந்தெண்டு வாயெடுத்தா வாசலிலயே திருப்பி விட்டிடுவன் எண்டும் எழுதுங்க.”

“விடுற நாளைக்கு முந்திப் போய்ச் சேருமோ தெரியாது.”

“சேராட்டியும் எழுதுங்க.”

“அப்ப முடி?” என்றாள் வள்ளிப்பிள்ளை.

“ஒரு கிழமை பாக்கட்டும். பாத்து முடியக் குடுப்பம். இவ்வளவு நாளும் பொறுத்தவ, ஒரு கிழமைக்கு அம்மன் ஒண்டும் சொல்லமாட்டா. அவளும் ஒரு பொம்பிளைதானே.”

அவள் எழும்பி வாவிப் பக்கம் திரும்பி நின்று முடியை இரண்டு கையாலும் அள்ளித் தட்டினாள். துளிகள் வெயிலில் பறந்தன. சில என் தாளிலும் விழுந்தன. எழுதிய இரண்டு சொற்கள் கலங்கின. நான் அவற்றைத் திருத்தவில்லை, அப்படியே தபாலில் போட்டேன்.

அதன் பிறகு நிலோஜன் கடிதம் எழுதவில்லை. கடிதம் எழுதுகிற தூரத்தில் அவன் இருக்கவில்லை; வாசலில் கால் வைத்துவிட்டிருந்தான். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2010 பெப்ரவரி 23, செவ்வாய்க்கிழமை.